வெள்ளை சிமென்ட் வைத்து அடைத்தோம்

காலை ஆறு மணிக்கு மொட்டை மாடிக்கு ஏறினால் எங்கள் தெருவில் இப்போது தினமும் ஒரு காட்சி. ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பரங்கிக் கொடிக்கு முன்னால் குந்தியிருப்பார். ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழைக் கிழித்துப் போட்டுவிட்டு, நடுவில் மஞ்சள் பொடி ஒட்டியிருக்கும் தண்டை, அடியில் குட்டிப் பிஞ்சு வைத்திருக்கும் பெண் பூவுக்குள் விட்டு மூன்று சுற்றுச் சுற்றுவார். பக்கத்து மாடியில் ஒரு மாமி இதே காரியத்தைக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் செய்வார். எதிர்வீட்டுப் பையனின் வாட்டர்கலர் பிரஷ் அவன் அம்மாவிடம் போய்விட்டது. நானும் செய்கிறேன். யூடியூபில் பார்த்துக் கற்றது. 'கை மகரந்தச் சேர்க்கை' என்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்குத் தரகர் வேலை என்று பெயர்.

பூ குலுங்குகிறது, காய் பிடிக்கவில்லை, பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறது என்று மாடித்தோட்டக் குழுவில் வாரத்துக்கு நாலு பேராவது போட்டோ போட்டுக் கேட்கிறார்கள். தேமோர் கரைசல் அடியுங்கள், மீன் அமிலம் ஊற்றுங்கள் என்று உடனே பதில் வருகிறது. பரங்கிப் பூவின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. தேனீயோ வண்டோ சுமந்தால்தான் உண்டு என்று விவரம் தெரிந்த ஒருவர் எழுதுவார். சரி, அந்த வண்டு எங்கே போயிற்று என்று அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான். இந்த நகரின் குடியிருப்போர் சங்கத்தில் இருபத்தைந்து வருஷமாக இருக்கிறேன். நடுவில் நாலு வருஷம் செயலாளர். கையெழுத்துப் போட்டவன் என்ற முறையில் நானே சொல்லிவிடுவது நல்லது.

தாம்பரம் தாண்டித் தெற்கே, வயலாக இருந்து மனையாக மாறிய இடம் எங்களுடையது. நாங்கள் குடிவந்தபோது பத்து மனைக்கு ஒரு வீடு. மீதியெல்லாம் காலி மனை. அதில் தும்பை, துத்தி, ஆவாரை, எருக்கு, கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு, நாயுருவி எல்லாம் இருந்தன. ஆடுதீண்டாப்பாளை தரையோடு படர்ந்து கிடந்தது. இதில் பாதிப் பெயர் அன்றைக்கு எனக்குத் தெரியாது. மொத்தத்துக்கும் சேர்த்து எங்களிடம் ஒரே பெயர்தான் இருந்தது: புதர். சங்கத்தின் மினிட்ஸ் நோட்டைப் புரட்டினால் மூன்றாவது தீர்மானமே 'காலி மனைகளில் உள்ள புதர்களை அகற்றுவது'. காரணம்: பாம்பு, கொசு, சுகாதாரம். ஏகமனதாக நிறைவேறியது. ஜேசிபி வந்த அன்று வரப்பில் நின்று, அந்த மூலையையும் வழித்துவிடு என்று கைகாட்டியவன் நான்.

பாம்பு பயம் பொய்யில்லை. கண்ணாடிவிரியனை வாசற்படியில் பார்த்த தெரு இது. ஆனால் பாம்பு வந்தது எலிக்கு. எலி வந்தது, பாலித்தீன் பையில் கட்டி அதே மனைக்குள் நாங்கள் வீசிய மிச்சச் சோற்றுக்கு. குப்பையை நிறுத்தவில்லை. தும்பையை நிறுத்தினோம்.

அந்த வருஷம் விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையாருக்கு எருக்கம்பூ மாலை வேண்டியிருந்தது. கடைத்தெருவில் முப்பது ரூபாய் கொடுத்து வாங்கினேன். இருபது நாளைக்கு முன்னால் வேரோடு பெயர்த்து லாரியில் ஏற்றி அனுப்பியது அதே எருக்கு என்று அப்போது உறைக்கவில்லை. போகிக்குக் காப்புக் கட்டும் வழக்கமுள்ள மேற்கத்திக் குடும்பங்கள் எங்கள் தெருவில் இரண்டு உண்டு. பூளைப்பூவும் ஆவாரம்பூவும் அவர்களும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். வேட்டி விளம்பரம் ஓடும்போது தும்பைப்பூ மாதிரி வெள்ளை என்கிறோம். எங்கள் பேரப்பிள்ளைகளில் ஒருவர்கூடத் தும்பைப்பூவைப் பார்த்ததில்லை.

தமிழுக்கு மட்டும் குறை வைக்கவில்லை. பொங்கல் விழாப் பட்டிமன்றத்தில், குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்கினார் என்று பேச்சாளர் சொன்னதும் கைதட்டினோம். 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் தருமி வாங்கிப் போகும் பாட்டை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாட்டு யாரைப் பார்த்துப் பாடியது என்று ஒருநாள் கேட்டேன். பாண்டியனை, அவன் மனைவியை என்று பல பதில் வந்தது. பூப்பூவாகப் போய்த் தேன் எடுக்கும் ஒரு வண்டை. எந்தப் பூவுக்கு என்ன மணம் என்று அதற்குத்தானே தெரியும் என்று சாட்சிக்குக் கூப்பிட்ட பாட்டு அது. நக்கீரர் முதல் நாகேஷ் வரை ஞாபகம் வைத்திருந்த நாங்கள், சாட்சியைத் தொலைத்துவிட்டோம்.

அடுத்தது கறிவேப்பிலை. இதில் என் வீட்டுக் கணக்கு தனி. சமையலறைக்குப் பின்னால் ஒரு கறிவேப்பிலைச் செடி. அதன் கொழுந்தில் அவ்வப்போது காக்கை எச்சம் போல ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். கறுப்பும் வெள்ளையும் கலந்து, உற்றுப் பார்த்தாலும் எச்சம்தான். நாலைந்து நாளில் அது பச்சையாகிச் சுண்டுவிரல் பருமன் வந்து, மென்று மென்று செடியை ஈர்க்குச்சியாக்கிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு சிவந்த கொம்பை நீட்டும். அழுகிய எலுமிச்சை போல ஒரு வாடை வரும். ஒரு பக்கெட் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து ஒவ்வொன்றாக உதிர்ப்பேன். பதினாறு, பதினெட்டு என்று எண்ணி, சாதனை போல மனைவியிடம் சொல்வேன். சாம்பாருக்கு ஒரு கொத்துக் கறிவேப்பிலை மார்க்கெட்டில் கொசுறாகக் கிடைக்கும். அந்தக் கொசுறுக்காகத்தான் இத்தனை கொலை. மொட்டையாகத் தின்ற செடி மூன்றே வாரத்தில் முன்னைவிடச் செழிப்பாகத் துளிர்க்கும் என்பது, ஒரு தடவை ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியபோதுதான் தெரிந்தது.

அந்தப் புழுதான், பின்னிறக்கையில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக வைத்த பெரிய கறுப்புப் பட்டாம்பூச்சி. அதிலும் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண்களில் ஒரு பிரிவு ஆணைப் போலவே இருக்கும். இன்னொரு பிரிவு, ஆடுதீண்டாப்பாளையில் வளரும் வேறொரு பட்டாம்பூச்சியின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு திரியும். ஆடுதீண்டாப்பாளையின் நஞ்சைத் தின்று வளர்வதால் அந்தப் பூச்சி பறவை வாய்க்குக் கசக்கும். ஒருமுறை கடித்த பறவை மறுமுறை தொடாது. அந்த மரியாதையை நம் கறிவேப்பிலைக்காரி ஓசியில் அனுபவிக்கிறாள். உடம்பைப் பார்த்தால் வேஷம் கலைந்துவிடும்: நிஜமானதற்கு உடம்பு சிவப்பு, இவளுக்குக் கறுப்பு. ஆனால் துரத்துகிற பறவைக்கு அத்தனை நிதானம் கிடையாது. இந்த ஏற்பாடு பலிக்க வேண்டுமானால் கசக்கிற பூச்சி அக்கம்பக்கத்தில் இருக்க வேண்டும். பறவை அதைக் கடித்துப் பார்த்துப் பாடம் படித்திருக்க வேண்டும். நாங்கள் ஆடுதீண்டாப்பாளையை ஜேசிபியால் வழித்தோம். கறிவேப்பிலைப் புழுவைச் சோப்புத் தண்ணீரில் போட்டோம். தப்பிப் பறந்த ஒன்றிரண்டும், இல்லாத போலீஸ்காரனின் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்திருக்க வேண்டும்.

இதே நாங்கள் சங்கத்தின் சார்பில் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனோம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஏறத்தாழ 25 ஏக்கரில், 2015இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் நின்று செல்ஃபி எடுத்தோம். புழு தின்பதற்கென்றே அங்கே செடி வளர்க்கிறார்கள் என்பதை ஒரு வேடிக்கை போலக் கேட்டுக்கொண்டோம். 2019இல் 'தமிழ் மறவன்' மாநில வண்ணத்துப்பூச்சி ஆனபோது பெருமையோடு பகிர்ந்தோம். மறவன் மலைக்காட்டுக்காரன், எங்கள் தெருவுக்கு வரப்போவதில்லை. வரக்கூடியவை எருக்கையும் கறிவேப்பிலையையும் நம்பி இருந்தவை.

அப்புறம் தரை. மழையில் சேறாகிறது என்று வீட்டைச் சுற்றி முதலில் சிமென்ட் பூசினோம். பிறகு தெருவோரம் முழுக்கப் பேவர் பிளாக் பதித்தோம். ஒரு சாண் மண் விட்டுவைத்தவர்களை, என்ன சார் வேலை முடியலையா என்று கேட்டோம். மண்ணில் யார் குடியிருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. தேனீ என்றால் பெட்டி, கூடு, தேன், ராணி என்றுதான் படித்திருக்கிறோம். உலகத்தில் 20,000க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் இருக்கின்றன. அவற்றில் தேனடை கட்டுபவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மிகுதியானவை ராணி, சேவகர் யாருமில்லாமல் தனித்தனியாக வாழ்பவை. அவற்றிலும் பெரும்பாலானவை மண்ணில் வளை தோண்டி முட்டையிடுபவை.

அப்படி ஒன்றை நான் கிட்டத்தில் பார்த்தது திண்டிவனம் பக்கம், மனைவியின் ஊரில், கத்தரித் தோட்டத்தில். கத்தரிப் பூவின் நடுவே மஞ்சள் குழல்கள் ஒரு கூம்பாகச் சேர்ந்து நிற்கும். மகரந்தம் அதற்குள்; வெளியே வர நுனியில் ஊசிமுனை அளவு துளைதான் வழி. வயிற்றில் நீல வளையம் போட்ட ஒரு சின்ன வண்டு வந்து அந்தக் கூம்பைத் தலைகீழாகக் கட்டிப் பிடித்தது. இறக்கையை விரிக்காமலே உடம்பை அதிரவிட்டது. வைப்ரேட்டரில் போட்ட செல்போனை மரமேஜையில் வைத்தால் வருமே, அந்தச் சத்தம். உப்புச் சீசாவைக் குலுக்கியது போலப் பொடி அதன் வயிற்றில் கொட்டியது. பெட்டித் தேனீக்கு இந்த வித்தை வராது. "மாமா, இது நம்ம மாட்டுக்கொட்டாய் செவுத்துல ஓட்டை போட்டுக் கெடக்கறது" என்றான் மச்சினன். போய்ப் பார்த்தேன். மண்சுவர் முழுக்கப் பென்சில் நுழையும் அளவில் துளைகள். அடுத்த தையில் அந்தச் சுவரை இடித்து ஹாலோபிளாக் வைத்துக் கட்டினார்கள். பணம் கொடுத்து உதவியது நான்.

இனித் தலைப்புக்கு வருகிறேன். எங்கள் வீட்டு முன்சுவரில், மின்மீட்டர் பெட்டிக்குக் கீழே செங்கல் இடுக்கில் கொசுத்தேனீ குடியிருந்தது. கொட்டாத சாதி, கொடுக்கு இருந்தும் இல்லாத மாதிரிதான். அரிசி அளவுகூட இருக்காது. வாசலுக்குப் பிசினும் மெழுகும் கலந்து பழுப்பு நிறத்தில் அரை விரல் நீளத்துக்கு ஒரு குழாய் கட்டியிருந்தது. குழாயின் வாயைச் சுற்றி ஏழெட்டுக் காவல்காரர்கள் எப்போதும் முகம் காட்டிக்கொண்டிருக்கும். பின்கால் இரண்டிலும் மஞ்சள் மூட்டை கட்டிக்கொண்டு வருகிறவற்றுக்கு வழிவிடும். எத்தனை வருஷமாக இருந்ததோ தெரியாது. ஒரு பொங்கலுக்கு முன்னால் பெயிண்ட் அடிக்கும்போது, "சார், ஈக்கூடு ஒண்ணு இருக்கு, என்ன பண்ணட்டும்?" என்று பெயிண்டர் கேட்டார். நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அடைச்சிடுப்பா" என்றேன். வெள்ளை சிமென்ட் வைத்து அடைத்து, பட்டி பார்த்து, இரண்டு கோட்டிங் அடித்தார். நல்ல வேலைக்காரர், இடம் தெரியவே இல்லை.

வெளியே போயிருந்தவை சாயங்காலம் திரும்பின. ஒரு கைப்பிடி இருக்கும். வாசல் இருந்த இடத்துக்கு நேராக, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, அப்படியே அந்தரத்தில் நின்றன. சுவரைத் தொடும், விலகும், மறுபடி அதே இடத்துக்கு வரும். மூன்று நாள் இப்படி. காபி டம்ளரோடு வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், உள்ளே மிச்சக் கூட்டம் இருக்கிறதே என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. நான்காம் நாள் ஒன்றும் இல்லை. இதை எழுதுகிற வரை யாரிடமும் சொன்னதில்லை.

தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் அடை கட்டிய மலைத்தேனீயை ராத்திரியில் தீப்பந்தம் வைத்துக் கொளுத்திய கதையும் உண்டு. அதில் என்னைக் கொஞ்சம் மன்னிக்கலாம். மலைத்தேனீ கொட்டினால் விளையாட்டில்லை; கீழே குழந்தைகள் விளையாடும் இடம். இருந்தாலும் அது நிரந்தரக் குடித்தனக்காரன் அல்ல, பூப்பருவம் முடிந்தால் தானே கிளம்பிவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் கூட்டத்தில் சொன்னார். இரண்டு மாதம் அந்தப் பக்கம் கயிறு கட்டி வைத்திருக்கலாம். அவரைப் பேசவிடவில்லை.

கொசுப்புகையும் அப்படித்தான். அந்திநேரத்தில் எங்கள் தெருவுக்குத்தான் முதலில் புகை அடிக்க வேண்டும் என்று நகராட்சிக்கு மனு எழுதியது என் பேனா. சுரைப்பூ விரிவது அந்தி சாய்ந்துதான். அதைத் தேடி இராத்திரியில் வருவது அந்துப்பூச்சி. கொசுவை மட்டும் அடையாளம் பார்த்துக் கொல்லும் புகை கிடையாது. டெங்கு பயம் நியாயம், ஆனால் எங்கள் சம்ப்புகளில் பாதிக்கு மூடி கிடையாது. செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் இமிடாகுளோப்ரிட் வாங்கி வேரில் ஊற்றுகிறோம். அது தண்டு, இலை வழியாக ஏறிப் பூந்தேனிலும் மகரந்தத்திலும் போய்ச் சேரும். தேனீக்கு ஆபத்து என்று 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் வெட்டவெளிப் பயிர்களில் அதைத் தடை செய்தது. எங்கள் கடையில் ஷாம்பூ பாக்கெட் போலத் தொங்குகிறது. கேட்டால் 'மருந்து' என்கிறோம்.

நோய் வந்து செத்திருக்கும் என்று சொல்லித் தப்பப் பார்த்தவர்களும் எங்களில் உண்டு. 1990களின் தொடக்கத்தில் ஒரு வைரஸ் நோய் பரவி, மார்த்தாண்டம் பக்கத்துப் பெட்டித் தேனீக்களைக் கூண்டோடு அழித்தது உண்மைதான். அந்த மக்கள் தப்பிப் பிழைத்த கூட்டங்களைப் பொறுக்கியெடுத்துத் திரும்ப வளர்த்தார்கள். எங்கள் தெருவுக்கு வைரஸ் எதுவும் வரவில்லை. தீர்மானம் போட்டு, கையெழுத்திட்டு, சந்தா வசூலித்துச் செய்தோம்.

பச்சையே பிடிக்காதவர்கள் என்று எங்களை நினைத்துவிட வேண்டாம். ஆளுக்கு முப்பது தொட்டி இருக்கிறது. நர்சரியில் போய் அடுக்குச் செம்பருத்தி, அடுக்கு நந்தியாவட்டை, ஹைப்ரிட் ரோஜா என்று இதழ் எண்ணிக்கையைப் பார்த்து வாங்குவோம். அடுக்குப் பூவில் மகரந்தம் சுமக்க வேண்டிய கேசரங்களே இதழாக மாறியிருக்கின்றன. வண்டு வந்தால் வாசலில் தோரணம்தான் இருக்கும், உள்ளே பந்தி கிடையாது. சங்கத்தின் 'சிறந்த தோட்டம்' பரிசை மூன்று வருஷம் தொடர்ந்து வாங்கிய வீட்டில் கொரியன் புல்லும், உருண்டையாக வெட்டிய குரோட்டன்ஸும் மட்டும்தான் இருந்தன. ஒரு பூச்சி கிடையாது சார் என்று அவர் சொன்னதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு பரிசு கொடுத்த நடுவர் குழுவில் நானும் ஒருவன். துளசி மாடத்தில்கூடக் கதிர் விட்டால் கிள்ளிவிடுகிறோம். அதில்தான் தேனீ மொய்க்கும்.

மே 20, உலகத் தேனீக்கள் நாளன்று, தேனீ அழிந்தால் நாலு வருஷத்தில் மனிதனும் அழிவான் என்று ஐன்ஸ்டீன் சொன்னதாக ஒரு செய்தி வரும். அவர் சொன்னதற்குச் சான்று எதுவும் இல்லை. சொல்லவும் வேண்டாம், 2016இல் வந்த பன்னாட்டு அறிவியல் அறிக்கையே போதும்: உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் முக்கால்வாசிக்கு மேல் ஓரளவாவது மகரந்தம் சுமக்கும் உயிர்களை நம்பியிருக்கின்றன. அந்த வேகத்தில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து தேனீப் பெட்டி வாங்கினோம். இரண்டு மாதத்தில் ஐந்தும் காலி. விற்றவரைக் கோபித்துக்கொண்டோம். அவர் தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதுங்க எங்க போய் சாப்பிடும் சார்?" என்றார். பந்திக்குக் கூப்பிட்டுவிட்டு இலை போடாத வீடு எங்களுடையது.

இப்போது கொஞ்சம் ஆரம்பித்திருக்கிறோம். பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நுழைவாயிலுக்குப் பக்கத்தில் பேவர் பிளாக்கை இரண்டடி அகலத்துக்குப் பெயர்த்தோம். அதற்கே இரண்டு கூட்டம் சண்டை நடந்தது. பெயர்த்த மண்ணில் தும்பை நடவில்லை, மழைக்குத் தானே வந்தது. விதை இத்தனை வருஷம் கல்லுக்கடியில் காத்திருந்ததா, காற்றில் வந்ததா தெரியவில்லை. ஓர் எருக்கு வைத்திருக்கிறோம். சித்திரையில் அதில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரி போட்ட புழுக்கள் வந்தன. அவற்றை யாரும் தொடவில்லை. கம்பளிப்பூச்சிக்குப் பயந்து வெட்டிய முருங்கையின் போத்து ஒன்றை மாமி மறுபடி நட்டிருக்கிறார். முருங்கைப் பூவுக்குக் கருவண்டு வரும் என்று காத்திருக்கிறார். அந்த வண்டு குடியிருக்க ஒரு காய்ந்த மூங்கிலைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறோம். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று புகார் வந்திருக்கிறது.

உங்கள் வீட்டில் கறிவேப்பிலை இருந்தால் புழுவோடு விட்டுவிடுங்கள். செம்பருத்தி வாங்கினால் ஐந்து இதழ் வாங்குங்கள். ஒரு சாண் மண்ணையாவது மூடாமல் வையுங்கள். பெயிண்டர் ஏதாவது கேட்டால், தலையைத் தூக்கிப் பாருங்கள்.

என் வீட்டு மீட்டர் பெட்டிக்குக் கீழே இருந்த சிமென்ட்டைப் போன சித்திரையில் ஸ்க்ரூ டிரைவரால் குடைந்து எடுத்தேன். உள்ளே கறுத்துப் போன மெழுகு ஓர் உருண்டை இருந்தது. துவாரத்தைத் துடைத்துத் திறந்து வைத்திருக்கிறேன். பதினோரு மாதம் ஆகிறது. இன்னும் எதுவும் வரவில்லை.